பாடம் சொல்லாத புத்தகங்கள்

லண்டனில் 1936-இல் நடந்தது இது. ஜார்ஜ் ஆலன் அண்ட் அன்வின் பதிப்பகத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ஒருவரின் தட்டச்சுப் பிரதி வந்து சேர்ந்தது. பாதமெல்லாம் ரோமம், நேரம் தவறாத சாப்பாடு, வீட்டை விட்டு நகரவே மனமில்லாத சுபாவம் என்றிருக்கும் குள்ள ஆசாமி ஒருவர், டிராகன் காவல் காக்கும் புதையலைத் தேடிப் புறப்படும் கதை. பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் அதைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். பிள்ளைகளுக்கான புத்தகத்தை எடைபோடப் பிள்ளையை விடத் தகுந்தவர் யார் என்பது அவர் கட்சி. கூலி ஒரு ஷில்லிங். எழுத்துப் பிழைகளோடு பையன் எழுதிக் கொடுத்த சின்ன அறிக்கை, கதை நன்றாக இருக்கிறது, ஐந்து முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றது. பத்து வயதுப் பெரிய மனிதர் தன்னைவிடச் சின்னவர்களுக்குச் செய்த சிபாரிசு! அந்தப் பேராசிரியர் டோல்கீனின் 'தி ஹாபிட்' 1937-இல் வெளிவந்தது. அதே ரேனர் வளர்ந்து, அப்பாவின் பதிப்பகத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, ஆயிரம் பவுண்டு நஷ்டம் வரலாம் என்று தெரிந்தே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை அச்சேற்றினார்.

ஹாரி பாட்டர் விஷயத்திலும் கிட்டத்தட்ட இதேதான். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய பிரதியின் முதல் அத்தியாயத்தை ப்ளூம்ஸ்பரி தலைவரின் எட்டு வயது மகள் படித்துவிட்டு, மீதி எங்கே என்று அப்பாவைப் பிடுங்கியெடுத்தாள். 1997-இல் அந்த முதல் நாவலின் கெட்டி அட்டைப் பதிப்பு 500 பிரதிகள்தான் அச்சானது. அதற்கப்புறம் நடந்தது ஊரறிந்தது.

நம் வீடுகளில் வழக்கம் வேறு. புத்தகக் கண்காட்சிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகிறோம். அவன் டிராகன் படம் போட்ட அட்டையைத் தடவிக்கொண்டு நிற்கிறான். நாம் தலைவர்களின் வாழ்க்கை வரலாறு இரண்டு, பொது அறிவு வினா விடை ஒன்று, நீதிக் கதைகள் ஒன்று என்று பையை நிரப்பிக்கொண்டு வருகிறோம். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பை அப்படியே அலமாரி மேல் ஏறிவிடுகிறது. பிறகு ஆறு மாதம் கழித்து, "எங்க பையன் புத்தகத்தையே தொட மாட்டேங்கிறான்" என்று புலம்பல். அவன் தொட்டான். நாம்தான் கையைத் தட்டிவிட்டோம்.

பெரியவர்கள் சந்தேகத்தோடு பார்க்கும் மூன்று வகை நாவல்கள் உண்டு. மாயாஜாலம், டிஸ்டோபியா (கெட்டுப்போன கற்பனைச் சமூகத்தின் கதை), துப்பறியும் கதை. முதலாவது பொய், இரண்டாவது பயங்கரம், மூன்றாவது கொலை என்பது பொதுவான அபிப்பிராயம். ஆனால் பத்து வயதிலிருந்து பதினாறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டியவை இவைதான் என்பது இந்தக் கட்டுரையின் வாதம். காரணம் எளிது. அந்த வயதில் வாழ்க்கை முழுக்க அடுத்தவர் போட்ட விதிகள். எத்தனை மணிக்கு எழ வேண்டும், எந்த குரூப் எடுக்க வேண்டும், எந்த டியூஷன், யாரோடு பேசலாம், யாரோடு பேசக் கூடாது. ஏன் என்று கேட்டால் "சொன்னா கேளு". இந்த மூன்று வகைக் கதைகளும் அடிப்படையில் விதிகளைப் பற்றியவை. முதல் வகையில் விதிகள் வேறு. இரண்டாவதில் விதிகள் தப்பு. மூன்றாவதில் யாரோ விதியை மீறிவிட்டு மறைக்கிறார்கள். ஏன் என்று கேட்க இடம் கிடைக்காத பிள்ளைக்கு அதைக் கேட்கும் இடம் இந்தப் பக்கங்களில் இருக்கிறது.

மாயத்துக்கும் கணக்கு உண்டு

ஹாரி பாட்டரைச் சிபாரிசு செய்ய ஆள் தேவையில்லை. ஏழு நாவல்கள், 1997 முதல் 2007 வரை. பி.எஸ்.வி. குமாரசாமியின் மொழிபெயர்ப்பில் தமிழிலும் உண்டு. 2000 முதல் 2009 வரையான பத்தாண்டுகளில் அமெரிக்கப் பள்ளிகளிலும் நூலகங்களிலும் மிக அதிகமாக ஆட்சேபிக்கப்பட்ட புத்தகம் இந்த வரிசைதான் என்று அமெரிக்க நூலகச் சங்கத்தின் பட்டியல் சொல்கிறது. சூனியம் கற்றுக் கொடுக்கிறதாம். பிள்ளைகள் துடைப்பத்தில் ஏறிப் பறந்ததாக இதுவரை தகவல் இல்லை.

ஹாரி முடித்த பிள்ளைக்கு அடுத்து என்ன என்பதுதான் பெற்றோரின் உண்மையான கேள்வி. என் பதில் உர்சுலா லெ குவினின் 'எ விசர்ட் ஆஃப் எர்த்சீ'. 1968-இல் வந்தது. மந்திரவாதி என்றாலே நரைத்த தாடிக் கிழவர் என்றிருந்த காலத்தில், அந்தக் கிழவர்கள் சின்ன வயதில் எங்கே படித்தார்கள் என்று லெ குவின் யோசித்தார். ஹாரியின் பள்ளியான ஹாக்வர்ட்ஸுக்கு இருபத்தொன்பது ஆண்டு முன்பே ரோக் தீவில் மந்திரப் பள்ளிக்கூடம் கட்டிவிட்டார்.

கெட் என்ற பையன் அங்கே படிக்கப் போகிறான். கெட்டிக்காரன், கர்வி. சக மாணவன் ஒருவன் சீண்டியதைப் பொறுக்க முடியாமல், இறந்து போனவரின் ஆவியை வரவழைத்துக் காட்டுகிறேன் என்று சவால் விடுகிறான். வரவழைத்தும் விடுகிறான். ஆனால் திறந்த வாசல் வழியாக நிழல் போன்ற வேறொன்றும் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்தத் தழும்பு கடைசி வரை போவதில்லை. நாவலின் மீதிப் பகுதி முழுக்க அந்த நிழலுக்குப் பயந்து ஓடுவதும், பிறகு அதைத் துரத்துவதும்தான். பெரிய யுத்தம் இல்லை, வில்லன் இல்லை, கோட்டை முற்றுகை இல்லை. ஆனால் மாயத்துக்குக் கறாரான கணக்கு இருக்கிறது. ஓர் ஊருக்கு மழையைத் திருப்பிவிட்டால் எங்கோ ஓர் ஊர் காயும். அதனால் நல்ல மந்திரவாதி கூடியமட்டும் மந்திரத்தைத் தொடவே மாட்டான். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கெட்டின் நிறம் செம்பழுப்பு. அவன் உயிர் நண்பன் கறுப்பு. லெ குவின் வேண்டுமென்றே அப்படி எழுதினார். ஆனால் பல பதிப்புகளின் அட்டைகள் கெட்டை வெளுப்பாக்கின. 2004-இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரும் அதையே செய்ய, லெ குவின் கடுமையாகக் கண்டித்து எழுதினார். நாயகன் என்றால் சிவப்பாக இருக்க வேண்டும் என்ற வியாதி நமக்கு மட்டும் சொந்தமானதில்லை போலிருக்கிறது.

பத்து வயதுப் பிள்ளைக்கு எர்த்சீயின் நடை கொஞ்சம் கனம். அந்த வயதுக்கு மிஹாயேல் எண்டெ என்ற ஜெர்மானியர் 1973-இல் எழுதிய 'மோமோ' இருக்கிறது. இதைப் பிள்ளையிடம் கொடுப்பதற்கு முன் பெற்றோர் ஒரு தடவை படித்துவிடுவது நல்லது, கொஞ்சம் உறுத்தும் என்பதால். பாழடைந்த பழைய அரங்கம் ஒன்றில் மோமோ என்ற சிறுமி தனியாக வசிக்கிறாள். அவளிடம் உள்ள ஒரே திறமை, யார் பேசினாலும் முழுசாகக் கேட்பது. அந்த ஊருக்குச் சாம்பல் நிறக் கோட்டு போட்ட ஆட்கள் வருகிறார்கள், வாயில் சுருட்டோடு. முடிதிருத்துபவர் ஃபூசியின் கடைக்குள் ஒருவன் நுழைகிறான். கண்ணாடி மேலேயே கணக்குப் போடுகிறான். தூக்கத்துக்கு இத்தனை விநாடி, வயதான அம்மாவோடு உட்கார்ந்து பேசுவதற்கு இத்தனை விநாடி, வளர்க்கும் கிளிக்கு இத்தனை, தினமும் பூ கொண்டுபோய் டாரியா என்ற பெண்ணைப் பார்ப்பதற்கு அரை மணி நேரம், எல்லாம் விரயம். மிச்சப்படுத்தி எங்கள் வங்கியில் போடுங்கள், வட்டியோடு தருகிறோம் என்கிறான். ஃபூசி ஒப்புக்கொள்கிறார். அன்றிலிருந்து அவர் யாரோடும் பேசாமல் வேகவேகமாக முடிவெட்டுகிறார். அவரிடம் நேரமே இல்லை. ஊரில் யாரிடமும் இல்லை. பிள்ளைகளுக்கும் விளையாட நேரம் ஒதுக்கப்படுவதில்லை. விளையாட்டிலும் உருப்படியாக ஏதாவது கற்றாக வேண்டும் என்றாகிவிடுகிறது. நீச்சல், அபாகஸ், ஹிந்தி, கீபோர்டு என்று வாரம் முழுக்கப் பிள்ளையை வண்டியில் வைத்து அலைகிறவர்கள் இந்த அத்தியாயத்தை நிதானமாகப் படிக்கலாம்.

கிரேக்கப் புராணத்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் வேகமான கதை வேண்டுமென்றால் ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் வரிசை. முதல் நாவல் 2005-இல் வந்தது. கவனக்குறைவும் வாசிப்புச் சிரமமும் கொண்ட தன் மகனுக்கு ரியோர்டன் தூங்கும் நேரத்தில் சொன்ன கதையிலிருந்து பிறந்தது. அதனால்தான் நாயகனுக்கும் அதே சிரமங்கள். எழுத்துகள் மிதப்பதாகச் சொல்லும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் இதைக் கொடுங்கள். ரியோர்டனின் ஆதரவில் வந்த ரோஷனி சோக்ஷியின் 'ஆரு ஷா' வரிசை மகாபாரதத்தை எடுத்துக்கொண்டு, பாண்டவர்களின் ஆன்மாக்களைப் பெண் பிள்ளைகளுக்குள் வைக்கிறது. பாட்டிகள் முதலில் முகம் சுளிப்பார்கள், பிறகு வாங்கிப் படிப்பார்கள்.

தமிழில் என்ன இருக்கிறது? அம்புலிமாமா 1947-இல் தொடங்கி வேதாளத்தை முருங்கை மரத்தில் ஏற்றி இறக்கியது. வாண்டுமாமா இரண்டு தலைமுறையை மந்திரத் தீவுகளுக்குக் கூட்டிப் போனார். இந்தப் பழைய பெயர்களோடு பட்டியலை முடித்துவிட்டு, இப்போது எழுத ஆளில்லை என்று பெருமூச்சு விடுவது நம் வழக்கம். ஆளிருக்கிறது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020-க்கான பால சாகித்ய புரஸ்கார் பெற்றது. பேசும் மரப்பாச்சிப் பொம்மையை வைத்துக்கொண்டு, தவறான தொடுதலைப் பற்றிப் பிள்ளைகளோடு பேசுகிறார். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத விஷயத்தைப் பொம்மையிடம் சொல்லலாம் என்ற ஏற்பாட்டுக்கு மாயாஜாலத்தை விட்டால் வழியில்லை. உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023-இல் அதே விருதைப் பெற்றது. கீழடியைப் பின்னணியாக வைத்து இன்றைய சிறுவனைப் பழங்காலத்துக்கு அனுப்பும் நாவல். கீழடி அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முதல் நாள் படித்தால் இன்னும் விசேஷம். தினமணி சிறுவர்மணியில் ஜெயமோகன் எழுதிய 'பனிமனிதன்' இமயமலையில் பனிமனிதனின் காலடித் தடத்தைத் தேடிப் போகிறது. சாகசத்தின் நடுவில் பரிணாமத்தைப் பற்றியும் பேசும். எல்லாப் பிள்ளைகளும் அந்தப் பக்கங்களைத் தாண்டுவார்கள் என்று சொல்ல மாட்டேன். தாண்டுகிற பிள்ளை புத்தகத்தை விடாது.

சரியாக நடக்கும் ஊரில் என்ன தப்பு?

டிஸ்டோபியா என்றதும் குண்டு வெடிப்பும் பாழடைந்த நகரமும் நினைவுக்கு வரும். நல்ல டிஸ்டோபியாவில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். அதுதான் பயங்கரம்.

லோயிஸ் லோரியின் 'தி கிவர்' 1993-இல் வந்து, மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது. 200 பக்கத்துக்குச் சற்று முன்பின்னான சின்ன நாவல். அந்த ஊரில் பசி இல்லை, சண்டை இல்லை, யாரும் யாரிடமும் கத்துவதில்லை. ஒன்பது வயதானால் எல்லோருக்கும் சைக்கிள். பன்னிரண்டு வயதானால் விழா எடுத்து, இனி வாழ்நாள் முழுக்க உன் வேலை இது என்று பெரியவர்கள் அறிவிப்பார்கள். பிள்ளைகளைக் கூர்ந்து கவனித்துத்தான் முடிவெடுக்கிறார்கள், அதனால் யாரும் மறுப்பதில்லை. படிக்கும்போது ஒரு கட்டம் வரை நமக்கே அந்த ஊருக்குக் குடிபோகலாம் என்று தோன்றும்.

கதையின் நாயகனான சிறுவன் ஜோனாஸ் தன் நண்பனோடு ஆப்பிளைத் தூக்கிப் போட்டுப் பிடித்து விளையாடுகிறான். காற்றில் போகும்போது ஒரு கணம் அந்த ஆப்பிள் மாறுகிறது. என்ன மாற்றம் என்று அவனால் சொல்ல முடியவில்லை. கையில் வாங்கிப் பார்த்தால் பழைய ஆப்பிள்தான். இந்த இடத்தைப் பிள்ளைகள் சாதாரணமாகக் கடந்து போவார்கள். பல பக்கங்கள் கழித்துத்தான் அவன் பார்த்தது சிவப்பு என்று தெரியவரும். அந்த ஊரில் நிறம் என்பதே கிடையாது என்பதை லோரி அதுவரை சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார். வாசகனும் இவ்வளவு நேரம் நிறமில்லாமல்தான் வாசித்திருக்கிறான். அதைக் கண்டுபிடித்த பிள்ளை புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பும். நாவலின் முடிவைப் பற்றி நான் சொல்லப் போவதில்லை. முடித்த பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவார்கள், அந்தச் சண்டை நடக்கட்டும். நாவலில் சின்னக் குழந்தைக்குக் கொடுமை நேரும் ஒரு காட்சி இருக்கிறது. மனம் இளகிய பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதுக்கு முன் வேண்டாம்.

சுசான் காலின்ஸின் 'தி ஹங்கர் கேம்ஸ்' 2008-இல் வந்தது. ஒரு சேனலில் ரியாலிட்டி ஷோ, அடுத்த சேனலில் இராக் போர் என்று ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்த இரவில் இரண்டும் கலந்து இந்தக் கதை தோன்றியதாக அவர் சொல்லியிருக்கிறார். பிள்ளைகளைக் களத்தில் இறக்கி ஒருவரையொருவர் கொல்லவிட்டு நேரலையில் காட்டும் நாடு. படம் பார்த்தவர்கள் அம்பையும் தீயையும் நினைவில் வைத்திருப்பார்கள். புத்தகத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது சீட்டுக் கணக்கு. ஆண்டுக்கொரு முறை குலுக்கல். வயது ஏற ஏற உங்கள் பெயரில் சீட்டு கூடும். வீட்டில் தானியம் இல்லையென்றால், கூடுதல் சீட்டு போட ஒப்புக்கொண்டு தானியமும் எண்ணெயும் வாங்கிக்கொள்ளலாம். அப்படி வாங்கி வாங்கிப் பதினாறு வயது நாயகி காட்னிஸின் பெயரில் 20 சீட்டு, அவள் நண்பன் கேல் பெயரில் 42. அரசாங்கம் நியாயமான குலுக்கல் என்றுதான் சொல்கிறது. ஏழைப் பிள்ளையின் பெயர் ஏன் அடிக்கடி வருகிறது என்று நிகழ்தகவு பாடம் தெரிந்த எவரும் போட்டுப் பார்த்துவிடலாம்.

இந்தக் கதையில் வரும் மூன்று விரல் வணக்கம் புத்தகத்தை விட்டு வெளியே வந்தது. 2014-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது தாய்லாந்தில் எதிர்ப்பாளர்கள் அதைக் காட்டினார்கள். 2021-இல் மியான்மரிலும் தெருவில் நின்ற இளைஞர்கள் மூன்று விரலை உயர்த்தினார்கள். பிள்ளைகள் படிக்கும் வெற்றுக் கற்பனை என்று ஒதுக்குகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

நம் மொழியின் சொத்து சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'. ஆனந்த விகடனில் 1980-களில் தொடராக வந்து, பிறகு தொலைக்காட்சியிலும் பலர் பார்த்து ரசித்த கதை. 2020-களின் இந்தியா. ஜீவா என்ற தலைவரின் பிடியில் நாடு. பெயர் இரண்டெழுத்துக்கு மேல் போகக் கூடாது. அதனால்தான் நிலா, சிபி, ரவி, மனோ. குழந்தை பெற அரசு அனுமதி வேண்டும். சர்வாதிகாரத்துக்கு எதிராகப் போகும் இந்தக் கதையில் நம் மனதில் நிற்பது ஜீனோ என்ற இயந்திர நாய். அது புத்தகம் படிக்கிறது, கிண்டலடிக்கிறது, படிக்கப் படிக்கக் கட்டளைக்கு அப்பால் யோசிக்கத் தொடங்குகிறது. சுஜாதா குறித்த ஆண்டுகளை நாம் கடந்துவிட்டோம். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பதின்மூன்று வயதுப் பிள்ளையோடு உட்கார்ந்து பட்டியல் போட்டால் ஒரு ஞாயிறு மதியம் நன்றாகப் போகும். ஓரிரு இடங்களில் சுஜாதாவின் பெண் வர்ணனைகள் இன்றைக்கு நெளியவைக்கும். அதையும் சேர்த்தே பேசலாம்.

இவற்றைத் தாண்டி வந்த பதினைந்து வயதுக்கு ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451', வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் க்ரியா வெளியீடாகத் தமிழில் உண்டு. தீயணைப்பு வீரர்கள் புத்தகங்களைக் கொளுத்தும் நாட்டின் கதை. அதன் முதல் வடிவத்தைப் பிராட்பரி கலிஃபோர்னியப் பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில், அரை மணி நேரத்துக்குப் பத்து சென்ட் வாடகைக்கு விட்ட தட்டச்சு இயந்திரத்தில், காசு போட்டுக் காசு போட்டு அடித்தார். ஆர்வெல்லின் 'விலங்குப் பண்ணை', '1984' இரண்டும் தமிழில் உண்டு. முதலாவதைப் பன்னிரண்டிலேயே கொடுக்கலாம். இரண்டாவதற்கு அவசரமில்லை.

ஊசி துளைத்த நோட்டு

துப்பறியும் கதையைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் ஷெர்லாக் ஹோம்ஸில் தொடங்குவார்கள். நான் எமிலில் தொடங்குகிறேன்.

எரிஷ் கேஸ்ட்னரின் 'எமிலும் துப்பறிவாளர்களும்' ஜெர்மனியில் 1929-இல் வந்தது. எமிலின் அம்மா விதவை, வீட்டிலேயே பெண்களுக்குத் தலை அலசி அலங்காரம் செய்து பிழைப்பவர். அரும்பாடுபட்டுச் சேர்த்த 140 மார்க்கைக் கொடுத்து மகனை பெர்லினில் உள்ள பாட்டி வீட்டுக்கு ரயிலேற்றுகிறார். பணம் பத்திரமாக இருக்க எமில் ஒரு காரியம் செய்கிறான். ரயில் கழிப்பறைக்குள் போய், நோட்டுகளைச் சட்டைப் பையின் உள்துணியோடு சேர்த்துக் குண்டூசியால் குத்திவைக்கிறான். அசந்து தூங்கி விழிக்கும்போது பணத்தைக் காணோம், எதிரில் இருந்த தொப்பிக்காரரையும் காணோம். போலீசிடம் போக முடியாது. ஊரில் சிலைக்கு மீசை வரைந்துவிட்டு வந்திருக்கிறான், போலீசைப் பார்த்தாலே நடுக்கம். பெர்லின் தெருப் பிள்ளைகள் சேர்ந்து தொப்பிக்காரரைப் பின்தொடர்கிறார்கள். கடைசியில் வங்கியில் வைத்து மடக்கினால், பணம் என்னுடையது என்று அந்த ஆள் சாதிக்கிறான். நோட்டில் யார் பெயர் எழுதியிருக்கிறது? எமிலுக்குக் குண்டூசி ஞாபகம் வருகிறது. வங்கிக்காரர் நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறார். ஓட்டை இருக்கிறது.

தடயம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பக்கத்தை நான் படித்ததில்லை. பல பக்கங்களுக்கு முன் வாசகன் கண்ணெதிரிலேயே குத்திய ஊசி அது. எழுத்தாளர் எதையும் ஒளிக்கவில்லை. நாம்தான் மறந்துவிட்டோம். 1933 மே 10-இல் நாஜிகள் பெர்லினில் புத்தகங்களைக் கொளுத்தியபோது கேஸ்ட்னரின் நூல்களும் எரிந்தன. கூட்டத்தில் நின்று அவரே அதைப் பார்த்தார். எமில் மட்டும் அன்றைய தீக்குத் தப்பினான். அவ்வளவு பேர் விரும்பிப் படித்திருந்தார்கள்.

இந்த நேர்மையை விதியாகவே எழுதி வைத்தவர் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். ஒன்றுக்கு மேல் ரகசியச் சுரங்கம் கூடாது. இரட்டைப் பிறவி என்று திடீரென்று கதையை முடிக்கக் கூடாது. துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகருக்கும் உடனே காட்டியாக வேண்டும். (சீனாக்காரரைக் கதையில் சேர்க்கக் கூடாது என்றும் ஒரு கட்டளை உண்டு. அந்தக் காலத்து மலிவுக் கதைகள் அந்த அளவுக்குச் சீனர்களை வில்லன்களாக்கி வைத்திருந்தன.) இந்தப் பத்தையும் பிள்ளைக்குச் சொல்லிவிட்டு, தொலைக்காட்சியில் ஓடும் க்ரைம் தொடர் எதையாவது பார்க்கவிடுங்கள். இரண்டு எபிசோடில் டைரக்டரைக் கையும் களவுமாகப் பிடித்துவிடும்.

ஷிவோன் டௌடின் 'தி லண்டன் ஐ மிஸ்டரி' 2007-இல் வந்தது. லண்டனின் ராட்சத ராட்டினத்தில் சலீம் என்ற பையன் ஏறுகிறான். கீழே அவன் உறவுக்காரப் பிள்ளைகள் டெட்டும் காட்டும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அரை மணி நேரத்தில் சுற்று முடிந்து கூண்டு இறங்குகிறது. சலீம் இல்லை. மூளை வேறு மாதிரி வேலை செய்யும் பையனான டெட், என்னென்ன நடந்திருக்கக் கூடும் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருகிறான். கொலை கிடையாது, ரத்தம் கிடையாது. பதினொரு வயதுக்கு உத்தரவாதமான புத்தகம். பதின்மூன்றைத் தாண்டியவர்களுக்கு அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்', 1939. தீவு, பத்துப் பேர், ஒவ்வொருவராகச் சாவு. ராத்திரியில் தொடங்க வேண்டாம்.

சத்யஜித் ராய் படம் எடுத்துக்கொண்டே தன் தாத்தா 1913-இல் தொடங்கிய 'சந்தேஷ்' பத்திரிகையை 1961-இல் மீண்டும் நடத்த ஆரம்பித்தார். அதில் பக்கம் நிரப்ப எழுதத் தொடங்கி, 1965-இல் ஃபெலுடா என்ற துப்பறிவாளரைப் பிறப்பித்தார். கதை சொல்பவன் தோப்ஷே என்ற பதின்வயதுப் பையன் என்பதால் வாசிக்கும் பிள்ளை நேராக வண்டியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பூர்வஜென்மத்தில் தங்கக் கோட்டையைப் பார்த்ததாகச் சொல்லும் சிறுவனைத் தேடி ராஜஸ்தானுக்குப் போகும் 'சோனார் கெல்லா'வைப் படித்தால் ஜெய்சல்மேர் போகாமல் இருக்க முடியாது. ஃபெலுடா கதைகள் தமிழிலும் கிடைக்கின்றன.

தமிழில் பெரியவர்களுக்குத் துப்பறியும் கதை குவிந்து கிடக்கிறது. பாடப் புத்தகத்துக்குள் மாத நாவலை ஒளித்துப் படித்த தலைமுறைக்கு அது தெரியும். பிள்ளைகளுக்கென்று பார்த்தால் இடம் வெறிச்சென்றிருக்கிறது. தேவனின் 'துப்பறியும் சாம்பு'வை இன்றும் கொடுக்கலாம். அசட்டுச் சாம்பு தடுக்கி விழுந்தே திருடனைப் பிடிப்பான். நாக்ஸின் கட்டளை ஒன்றையும் மதிக்க மாட்டான். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு தொடங்கியது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சலிக்கும் பிள்ளைக்கு இன்றும் காமிக்ஸ்தான் நல்ல வாசல். ஜெயமோகன் சுட்டி விகடனில் எழுதிய 'வெள்ளி நிலம்' பனிமலை மடாலயத்தில் தொடங்கும் மர்மம். இந்த வரிசையில் இன்னும் பத்து நாவலுக்கு இடமிருக்கிறது. எழுதுகிறவர்கள் கவனிக்க.

கொடுப்பதில் சில சிக்கல்கள்

ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் நாவல் மலையேறுவது போலத் தெரியும். தமிழ்வழிப் பிள்ளைக்கு ஆங்கில நாவல் அப்படி. இரண்டுக்கும் ஒரே மருந்துதான். முதல் இரண்டு அத்தியாயத்தை நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டி, சிக்கலான இடத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விடுங்கள். புத்தகம் விலை அதிகம் என்றால் சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. மற்ற ஊர்களில் கிளை நூலகத்தில் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். நூலகர் முதல் தடவை இல்லை என்பார். மூன்றாம் தடவை உள்ளே போய்த் தேடுவார்.

படித்து முடித்த பிள்ளையிடம் "இதிலிருந்து என்ன கத்துக்கிட்ட?" என்று மட்டும் கேட்காதீர்கள். அடுத்த புத்தகத்தை அது உங்கள் கண்ணில் படாமல்தான் படிக்கும். யார் பொய் சொன்னது, நீயாக இருந்தால் அந்தக் கதவைத் திறந்திருப்பாயா என்று கேளுங்கள். பாதியில் மூடி வைத்தாலும் விட்டுவிடுங்கள். இருபது பக்கம் தாண்டியும் பிடிக்காத புத்தகத்தை எந்தப் பெரியவர் முடித்திருக்கிறார்?

வரிசை நாவல்களில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்குக் கடைசியாக ஒரு தகராறு. சி.எஸ். லூயிஸின் நார்னியா நாவல்கள் ஏழும் 1950 முதல் 1956 வரை வந்தவை. இப்போது கடையில் கிடைக்கும் பதிப்புகளில், ஆறாவதாக வந்த நாவலுக்கு 1 என்று எண் போட்டிருப்பார்கள், கதை நடக்கும் கால வரிசைப்படி. அந்த எண்ணை நம்பாதீர்கள். அலமாரிக்குள் புகுந்து பனிக்காட்டுக்குப் போகும் 'தி லயன், தி விட்ச் அண்ட் தி வார்ட்ரோப்'பில் தொடங்குங்கள். அந்த விளக்குக் கம்பம் காட்டு நடுவில் ஏன் நிற்கிறது என்று தெரியாமல் அதைப் பார்ப்பதில்தான் ருசி. எர்த்சீயில் முதல் மூன்றையும் முடித்துவிட்டு நான்காவதான 'தெஹானு'வுக்குச் சில ஆண்டு இடைவெளி விடலாம், லெ குவினே பதினெட்டு ஆண்டு விட்டுத்தான் எழுதினார். ஹங்கர் கேம்ஸில் முதலில் வந்த மூன்று முதலில். ஃபெலுடாவை எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். அவர் கதைக்குக் கதை சார்மினார் சிகரெட் ஊதுவார், அதற்கு மட்டும் ராயோடு நீங்கள்தான் சண்டை போட்டுக்கொள்ள வேண்டும்.